'நாம'ன்னு சொன்னாளா?

1

இந்தக் கதை செய்தித்தாளின் நான்கு வரியிலிருந்து கிடைத்தது. எங்கோ ஆட்சி கவிழ்ந்தது. தூதரகத்தார் முப்பத்தொரு பேரைக் கடற்படை பத்திரமாக ஏற்றிச் சென்றது. கப்பலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

"சாம்பல் நிறப் போர்க்கப்பல் தொலைவில்..."

(வேண்டாம். நான் பார்த்ததில்லை.)

மறுபடியும். தூதரகத்தில் காகிதம் கிழிக்கும் மெஷின் சூடேறி நின்றுபோயிருந்தது. தூதர் மேசையைத் தட்டித் தன் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண் அதை உள்ளூர் ஊழியர்களுக்குத் தமிழில் சொன்னாள்: "நாலு மணிக்கு நாம கிளம்பறோம். ஆளுக்கு ஒரு பை."

தூதரின் மொழியில் 'நாம', 'நாங்க' இரண்டுக்கும் ஒரே சொல். கேட்பவரைச் சேர்ப்பதா விடுவதா என்ற வம்பு நம்மிடம்தான். கப்பலில் ஏற்றப்படுவோர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த தூதரக டிரைவர் பெயர் இல்லை. அது அவளுக்குத் தெரியுமா?

(இங்கேதான் குழம்புகிறேன். தெரிந்தே சொன்னாளென்றால் கொடுமைக்காரி. தெரியாதென்றால் பாவம். பன்னிரண்டு வருடம் தன்னோடு டீ குடித்த டிரைவரிடம் 'நாங்க' என்று சொல்ல வாய் வரவில்லையோ? இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

3

படகுத்துறைக்கு டிரைவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்துவிட்டான். தூதரகக் காரில் வந்ததைக் கலகக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். இனி வீடு திரும்பினால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

கடற்படை அதிகாரி பட்டியலை இரண்டு முறை பார்த்தார். இவர்களைத் திரும்பிப் போகச் சொல் என்றார் அவளிடம்.

"என்னக்கா சொல்றாரு?"

"இருப்பா, ஒரு நிமிஷம்."

"நாமன்னுதானே சொன்னீங்க? இவகிட்டயும் அப்படிச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

4

முடிவு ஒன்று: அவள் தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறாள். ஒரு இடம், மூன்று பேர். இடிக்கிறது.

முடிவு இரண்டு: "நாங்கன்னுதாம்ப்பா சொன்னேன், உனக்குத்தான் காதுல சரியா விழல." எழுதியதும் எனக்கே அவளைப் பிடிக்காமல் போயிற்று. அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அவள் அதிகாரியிடம் சொல்கிறாள், "தூதர் இவர்களையும் சேர்த்துத்தான் சொன்னார். அவரையே கேளுங்கள்." படகில் உட்கார்ந்திருக்கும் தூதர் பக்கம் அதிகாரி திரும்புகிறார். தூதர் வாயைத் திறந்து

(மன்னியுங்கள். அவர் என்ன சொன்னாரென்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அவர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கயிற்றை அவிழ்க்கிறார்கள். அந்த மூன்று பேரும் கேட்கிற தூரத்தில்தான் நிற்கிறார்கள். சத்தமாகச் சொல்லுங்கள்: நாமவா, நாங்கவா?)