பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி, 1985

இந்தக் கதை நடந்தபடிதான் சொல்லப்படுகிறதா என்பதில் சொல்பவனுக்கே முழு நம்பிக்கை இல்லை. ஆண்டு எண்பத்தெட்டு என்பது நிச்சயம். மாதம் ஆடியா ஆவணியா என்று கேட்டால் தடுமாற்றம்தான். அன்று வெயில் எறித்ததாக நினைவு. ஆனால் சண்முகலிங்கம் குடையும் கையுமாக நின்றதும் நினைவில் இருக்கிறது. இரண்டில் ஒன்று பிழையாக இருக்கலாம். அல்லது அவர் வெயிலுக்குத்தான் குடை பிடித்தாரோ என்னவோ. யாழ்ப்பாணக் கச்சேரியில் பதினைந்து வருடம் கிளாக்காக இருந்த மனிதர், எதையும் செய்யக்கூடியவர்.

கிளமென்ற் அப்போது சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில், அந்தோனிதாசோடு ஒரே அறையில் இருந்தான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் தட்டுக் கழுவும் வேலை. வேலை முடிந்து வந்தால் யன்னலோரம் இருந்து ஏதாவது வாசிப்பான். கதைக்கமாட்டான். ஒரு கேள்வி கேட்டால், கீழே ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும்வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். சிலவேளை அந்த பஸ்ஸும் போய்விடும்.

அந்தோனிதாஸ் ஆறடி மூன்று அங்குலம். யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே கத்தோலிக்கக் கல்லூரி. கிளமென்ற் ஒரு வகுப்பு மேலே, உயர்தரப் பரீட்சையை இரண்டாந்தரம் எழுத இன்னொரு வருடம் நின்றவன். தாஸ் கூடைப்பந்தாட்ட அணியின் தலைவனாக இருந்த வருடம் கிளமென்ற் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஆசிரியனாக இருந்தான். ஊரைவிட்டு வரும்போது அவன் பெட்டியில் கொண்டுவந்த ஒரே புத்தகம் அந்த மலர்தான். ஏன் அதைக் கொண்டுவந்தான் என்று யாராவது கேட்டிருந்தால் பல பஸ்கள் போயிருக்கும். தன் எழுத்து அச்சில் வந்த ஒரே இடம் அதுதான் என்பதை அவன் யாருக்கும் சொன்னதில்லை.

அந்நாட்களில் வந்தவர்களில் பலருக்கு இரண்டு வயது இருந்தது. ஒன்று தாய் பெற்ற வயது. மற்றது கேஸ் வயது, அகதி வழக்குக்கு எழுதிக் கொடுத்த வயது. பதினெட்டுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காரன் தாசின் வயதில் ஐந்தைக் கழற்றியிருந்தான். பிறந்த திகதி தை மாதம் முதலாம் நாள், எழுபத்தொன்று. அதே நாளில் பிறந்ததாக எழுதிக் கொடுத்தவர்களை வைத்தே பூம்ப்ளிஸில் ஒரு பஸ்ஸை நிரப்பலாம். ஆக, இருபத்திரண்டு வயது தாஸ் பதினேழு வயதுக்காரனாக டொச், அதாவது ஜெர்மன், படிக்கும் வகுப்பில் இருந்தான், ஒரு நாளைக்கு இரண்டு தடவை முகம் வழித்தான், அங்குள்ள கூடைப்பந்துக் கழகத்தின் இளையோர் அணியில் ஆடினான். வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வயது உடைந்தால் வழக்கும் உடையும். இது அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். வெளியே இருந்த மூவருக்கும் தெரியும்.

அந்த மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சண்முகலிங்கத்தைச் சொல்லியாகிவிட்டது. அடுத்தவர் பாலசிங்கம், ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிறவர். மூன்றாவது வரதராசா. வரதராசாவின் மச்சான் ரொறொன்ரோவில் இருந்து பேப்பர்த் துண்டுகளை வெட்டி அனுப்புவான். அமெரிக்காவில் பதினாறு வயதுப் பெடியன்கள் கோடை விடுமுறையில் ஆடுகிற ஆட்டங்களை வளர்ந்த மனிதர்கள் போயிருந்து பார்த்து, இவன் முதலாவது, இவன் நாற்பதாவது என்று வரிசை போடுவார்களாம். எந்தக் கல்லூரி எவனைப் பிடிக்கப் போகிறது என்று வருடம் முழுக்கக் கதைப்பார்களாம். மூவருக்கும் இது வெறும் வாய்க்குக் கிடைத்த அவலாகப் போயிற்று. வரதராசா ஒரு கொப்பி வாங்கி, சுவிஸ் முழுவதிலும் உள்ள இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தினான். அவன் கண்ணால் கண்டது பதினொரு பேரை. வரிசையில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். முதலாவது அந்தோனிதாஸ்.

ஞாயிறுதோறும் பள்ளிக்கூடத்துப் பின்பக்க மைதானத்தில் மூவரும் வாங்குப் பலகையில் இருப்பார்கள். கட்லற், போத்தலில் தேத்தண்ணி. பந்தைக் கையில் தொட்டறியாதவர்கள் பயிற்சியாளர் லூதிக்குப் பாடம் எடுப்பார்கள்.

"உவனை ஏன் வெளியில இருத்தி வைச்சிருக்கிறான் லூதி? மூளை இருக்கோ?"

"நாலு ஃபவுல் அண்ணை. இன்னும் ஒண்டு எடுத்தால் போச்சு."

"ஃபவுலாவது மண்ணாவது. எங்கட பள்ளிக்கூடத்திலை ஆடினவன் எண்டால் உப்பிடிப் பயப்பிடான்."

"உங்கட பள்ளிக்கூடத்திலை பாஸ்கற்போல் கோர்ட்டே இல்லை, பாலசிங்கண்ணை. ஆடு கட்டியெல்லோ வைச்சிருந்தவங்கள்."

கிளமென்ற்றும் போவான், மூவருக்கும் தள்ளி, வாங்கின் மறு நுனியில் இருப்பான். பகல் முழுதும் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆட்கள், இங்கே வந்து ஒருத்தனுடைய காலையும் கையையும் தங்கள் சொத்துப்போலப் பேசுகிறார்கள் என்று நினைப்பான். தாஸ் பந்தைப் போட்டால் 'போட்டிட்டம்' என்பார்கள். தவறவிட்டால் 'விட்டிட்டான்' என்பார்கள். இதையெல்லாம் அவன் சொன்னதில்லை. சொல்லத் தகுதியான ஆட்கள் அல்ல என்பது அவன் எண்ணம். தன்னுடைய மௌனம் அவர்களுடைய சத்தத்தைவிட உயர்ந்தது என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

அந்த மலரை அவன் பாலசிங்கத்திடம் கொடுத்ததும் அதே மௌனத்தோடுதான். அதிலிருந்த எண்பத்தைந்தாம் ஆண்டு அணிப் படத்தில் தாசுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று ஒரு வாதம். பாலசிங்கம் அறைக்கு வந்து கேட்டபோது கிளமென்ற் எடுத்து நீட்டினான். 'முப்பத்திரண்டாம் பக்கம்' என்று மட்டும் சொன்னான். படத்துக்குக் கீழே இருந்த பத்தி அவன் எழுதியது. யாராவது அதை வாசிக்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை. தான் இளக்காரமாகப் பார்க்கிற மனிதரிடம் போய் அந்த ஆசையை வைத்தது எவ்வளவு கேவலம் என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. மலர் திரும்பி வரவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அந்தக் கோடையில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு நாள் போட்டி ஒன்று நடந்தது. எட்டு அணிகள். ஒஹாயோவில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து ஓர் அமெரிக்கன் வந்திருந்தான். பெரிய வயிறு, கழுத்தில் விசில். கல்லூரி என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம், அங்கே பல்கலைக்கழகம். ஆட்டக்காரனுக்குப் படிப்பும் சாப்பாடும் இருக்க இடமும் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். சனிக்கிழமை தாஸ் முப்பத்தொரு புள்ளிகள் எடுத்தான். ஆட்டம் முடிந்ததும் அமெரிக்கன் போய் லூதியோடு நெடுநேரம் நின்று கதைத்தான். லூதி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மாலையில் கழகத்தின் பயிற்சியாளர். விதியென்றால் விதி என்கிற, கெட்டதும் இல்லாத நல்லதும் இல்லாத மனிதர்.

அறைக்கு வந்த தாஸ் சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தான்.

"அண்ணை, அந்த அமெரிக்கன் கூட்டிக்கொண்டு போறன் எண்டுறான். அங்கை போனால் மாணவர் விசா. இந்தக் கேஸ் என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஊரிலை ஆடினதைப் பற்றி எழுத்திலை ஏதாவது இருக்கோ எண்டு கேட்டவன். ஒண்டுமில்லை, எல்லாம் சண்டையிலை எரிஞ்சு போச்சு எண்டு சொல்லிப்போட்டன். வெளியிலை ஒருத்தரும் ஒண்டும் கதைக்காமல் இருந்தால் காணும்."

கிளமென்ற் தலையாட்டினான்.

ஆனால் அமெரிக்கன் அதைக் கேட்டபோது வரதராசா பக்கத்தில் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றிருந்தான். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்பது அவன் காதில் விழுந்தது. தாஸ் சொன்ன பதில் விழவில்லை. கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் மற்ற இருவரிடமும் ஓடிவிட்டான்.

ஞாயிறு காலை கிளமென்ற் மைதானத்துக்கு வந்தபோது மூவரும் கலியாண வீட்டுக்காரர்போல நின்றார்கள். பாலசிங்கம் கோட் போட்டிருந்தார். சண்முகலிங்கத்தின் கையில் குடை, மற்றக் கையில் ஒரு கடித உறை. கச்சேரியில் கடிதம் அடித்த கை சும்மா இருக்குமா? யாரிடமோ ஒரு தட்டச்சு இயந்திரம் இரவல் வாங்கி, மலரின் பத்தியை இங்கிலீஷில் ஒரு சொல் விடாமல் பெயர்த்திருந்தார்.

"கிளமென்ற், நீர் படிச்ச பிள்ளை. ஒருக்காப் பாரும், கொமா கிமா பிழைச்சிருக்கோ எண்டு."

கிளமென்ற் தாளை வாங்கினான். மேலே பெரிய எழுத்தில் 'டு ஹூம் இற் மே கன்சேர்ண்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. பார்த்தவுடன் உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது, ஒருவருக்கும் காட்டாத சிரிப்பு. தாசைப் பற்றிய ஏதோ புகழ் மாலை. இந்த மனிதர்களின் பெருமையை வரி வரியாக வாசித்துத் தொலைக்க வேண்டுமா? இரண்டாம் வரிக்குக் கண் போகவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் சரி," என்றான்.

"பாத்தீரோ! கிளமென்ற் வாயால சரி எண்டால் சரிதான்!"

மூவரும் அணிவகுத்துப் போய், அமெரிக்கனிடம் சேர்க்கச் சொல்லி உறையை லூதியிடம் கொடுத்தார்கள். மலரையும் கொடுத்தார்கள், முப்பத்திரண்டாம் பக்கத்தில் பஸ் ரிக்கெற் ஒன்றை அடையாளம் வைத்து. தாஸ் அப்போது மறு பக்கத்தில் பந்தைத் தட்டி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

லூதி வாங்கில் இருந்து வாசித்தார். திரும்ப வாசித்தார். மலரைத் திறந்து படத்தைப் பார்த்தார். மீசையோடு, கையைக் கட்டிக்கொண்டு, நடுவில் இருந்த தலைவனைப் பார்த்தார். நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். கணக்கு வாத்தியாருக்கு அது பெரிய கணக்கில்லை. பிறகு தாசைக் கூப்பிட்டு, தாளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தாஸ் தாளை வாசித்தான். வாசித்து முடித்து, தலையைத் தூக்கி வாங்குப் பக்கம் பார்த்தான்.

மூவரும் எழுந்து கை தட்டினார்கள்.

"கண்டிட்டான்! கண்டிட்டான் எங்களை!" பாலசிங்கம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "டேய் தாஸ், எல்லாம் வெண்டிட்டம்!"

தாஸ் மேல்சட்டையைக் கழற்றினான். நாலாக மடித்து வாங்கில் வைத்தான். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியே வெளியே போனான்.

"என்னவாம்? கையெழுத்து வைக்கவோ கூட்டிக்கொண்டு போறாங்கள்?"

"சட்டையை ஏன் கழட்டினவன்?"

"புதுச் சட்டை குடுப்பாங்கள், அந்தக் கல்லூரிச் சட்டை. பேப்பரிலை படம் பாத்தனான்," என்றான் வரதராசா.

கிளமென்ற் எழுந்து நடந்து லூதியின் வாங்குக்குப் போனான். தாள் மலருக்கு மேலே கிடந்தது. இப்போது வாசித்தான். சண்முகலிங்கத்தின் இங்கிலீஷ் பிழையில்லாத இங்கிலீஷ். கடைசி வசனம் தமிழில் அவனுடையது. அதை எழுத அவன் அப்போது இரண்டு நாள் எடுத்திருந்தான். 'வயதெல்லை கடந்து, உயர்தரப் பரீட்சையும் எழுதி, இவ்வாண்டுடன் நம்மிடம் விடைபெறும் அணித்தலைவனை மறவோம்.' எண்பத்தைந்தில் பத்தொன்பது வயது எல்லையைக் கடந்தவன், எண்பத்தெட்டில் பதினேழு வயதுக்காரனாக நிற்கிறான். தட்டச்சில் அது பளிச்சென்று இருந்தது. கண்ணுள்ளவன் எவனும் காணத் தவறமாட்டான்.

அவன் திரும்பி வந்து சொன்னபோதுதான் மூவருக்கும் விளங்கியது. விளங்கவும் நேரமெடுத்தது.

"அது கேஸ் வயசெல்லோ," என்றார் சண்முகலிங்கம். "இது விளையாட்டு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கும்தான் ஏழு வயசு குறைச்சுக் குடுத்திருக்கு. அதை ஆர் நினைப்பு வைச்சிருக்கிறது?" என்றார் பாலசிங்கம். சிறிது நேரம் கழித்து, "நீ பாத்துச் சரி எண்டனியெல்லோ?" என்று கிளமென்ற் பக்கம் திரும்பினார்.

ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது.

பின்னேரம் அறையில் தாஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். கிளமென்ற் கதவோரம் நின்றான்.

"நீங்கள் அதை வாசிச்சனீங்களோ அண்ணை?"

"இல்லை."

"கையில வாங்கிப் பாத்தனீங்கள் எண்டு சொல்லுறாங்கள்."

"வாங்கினனான். வாசிக்கேல்லை."

 தாஸ் காற்சட்டையை உதறி மடித்தான்.

"நீங்கள் எல்லாத்தையும் வாசிக்கிற ஆள்தானே," என்றான். கோபம் இல்லை. ஏதோ ஒரு தகவலைச் சரிபார்ப்பதுபோல இருந்தது. "அவங்கள் மொக்கங்கள் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் இருக்கிறியள் எண்டுதான் நான் பயப்பிடேல்லை."

லூதி விதிப்படி செய்தார். போட்டிக் குழுவுக்கு எழுதினார். குழு மேலே, அகதி வழக்குகளைப் பார்க்கும் அலுவலகம்வரை எழுதியது. அமெரிக்கன் அன்று மாலையே போய்விட்டான், திரும்ப வரவில்லை. தாசின் வழக்கு அடுத்த வசந்தத்தில் நிராகரிக்கப்பட்டது; அவன் தீர்ப்பு வருமுன்பே பாசல் வழியாகப் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து மூன்று வருடம் கழித்துக் கனடா சேர்ந்து, மார்க்கம் பக்கம் குளிரூட்டி திருத்தும் வேலை செய்கிறான்; கூடைப்பந்து ஆடுவதில்லை. பாலசிங்கத்துக்கு வதிவிட அனுமதி கிடைத்தது, குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார். வரதராசா பாடன் நகரத்துக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். வரிசை போட்ட கொப்பியை இன்னும் வைத்திருக்கிறானாம். சண்முகலிங்கம் தொண்ணூற்றாறில் மாரடைப்பில் செத்தார். லூதி ஓய்வுபெற்றார். மலர் லூதியிடமிருந்து திரும்பவில்லை. கிளமென்ற் பூம்ப்ளிஸில் அதே கட்டடத்தில், அதே அறையில் இருக்கிறான். தாஸ் அவனுக்கு ஒரு கடிதமும் போட்டதில்லை.