ஏழாம் எண் வாய்

"இது அவ இல்ல," என்றார் எர்லிங்.

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்த பிரூயிட் அம்மாளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கலாமா ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் முப்பது வருஷமாகக் குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி அனுப்பிவைப்பவர் அவர்தான். மூன்றில் ஒருவர் இதைச் சொல்லாமல் போனதில்லை.

"எது சரியில்லன்னு சொல்லுங்க எர்லிங், மாத்திடலாம். ஜனங்க ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க. இப்ப பதினொண்ணுதானே ஆகுது."

எர்லிங் குனிந்து பார்த்தார். நீலச் சட்டை அவர் மனைவி நோரீனுடையதுதான். காதிலிருந்த முத்தும் அவளுடையதுதான். இரண்டுக்கும் நடுவே இருந்த முகம் மட்டும் வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு அம்மாளுடையது. கணையத்தில் வந்த புற்று நாலு மாதத்தில் தின்று தீர்த்த கன்னங்களை எதையோ வைத்து உப்ப வைத்திருந்தார்கள்.

"எல்லாமேதான்," என்றார்.

"எல்லாம்னா எப்படி? மூக்கு சரியா இருக்கா?"

"மூக்கு... மூக்கு மாதிரிதான் இருக்கும்."

பின்னால் நின்றிருந்த மகள் லின்னியா சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே அழுதுவிட்டாள். "அப்பா, உருப்படியா ஒரு ஃபோட்டோவாவது வச்சிருந்தீங்கன்னா அவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல."

அவள் சொன்னதும் நியாயம்தான். வீட்டில் நோரீன் இல்லாத படங்கள் நிறைய இருந்தன. நோரீன் இருக்கும் படங்களில் அவள் முகம் இல்லை. கேமராவைக் கண்டால் தலையைத் திருப்பிவிடுவாள். கல்யாணப் படத்தில்கூடக் குனிந்துதான் சிரிக்கிறாள். பிரூயிட் அம்மாளுக்குக் கிடைத்தது ஓட்டுநர் உரிமத்து அட்டை ஒன்றுதான். அதில் அவள் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். எழுபத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில், ஸ்போகேனிலிருந்து போர்ட்லண்டுக்குப் போன விமானத்தில் ஒருத்தன் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, குண்டு இருக்கிறது, வெடிக்க வைத்துவிடுவேன் என்றான். பணம் கேட்டான், பாராசூட் கேட்டான், இரண்டும் வந்ததும் மழையில் காட்டுக்கு மேலே குதித்தான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அவனருகே மூன்று மணி நேரம் நின்ற பணிப்பெண் நோரீன். வயது இருபத்து மூன்று. அவள் சொல்லச் சொல்லத்தான் அவன் முகத்தைப் பென்சிலில் வரைந்தார்கள். அந்தப் படத்தோடு அவள் படமும் பத்திரிகையில் வந்தது. அதன்பின் பல வருஷம் மளிகைக் கடையிலும் பல் ஆஸ்பத்திரியிலும் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "நீங்கதானே?" என்றார்கள்.

"சரி, வாய மட்டும் பாப்போம். மனுஷன காட்டிக் கொடுக்கிறதே வாய்தான்," என்றார் பிரூயிட் அம்மாள். சின்னத் தூரிகையால் உதட்டோரத்தில் ஏதோ செய்தார். "இப்படியா?"

"இல்ல."

"இப்ப?"

"தெரியல."

"இப்ப பாருங்க. முதல்ல இருந்ததா, இதுவா?"

கண்ணாடிக் கடையில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவு என்று கேட்பார்களே, அப்படி இருந்தது. நாற்பத்தேழு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளின் வாய் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் கடுத்தது. வீட்டுக்குப் போய்ச் சோபாவில் கண்ணை மூடிப் படுக்க வேண்டும் போலிருந்தது.

"ஆமா. அதான்," என்றார். "அதேதான்."

பிரூயிட் அம்மாள் திருப்தியோடு தூரிகையைத் துடைத்தார். லின்னியா கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் அம்மா மாதிரி இருக்கு," என்றாள்.

எர்லிங் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தான் செய்தது என்னவென்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பத்து நாளைக்கு முன்னால், மத்தியானம். கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டு நோரீனைப் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையை அவர்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பழைய கடத்தலைத் தங்கள் சொந்த நேரத்தில் துப்புத் துலக்கும் குழு ஒன்று உண்டு. போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. ஓய்வு பெற்றவர்களும் ஓய்வில்லாதவர்களும் சேர்ந்த கூட்டம். அவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். காத்லமெட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிய வெண்டெல் க்ராஸ். செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஏப்ரல் கூட்டத்தில் ஆதாரத்தோடு அறிவிப்பார்களாம். சாட்சி சொல்லி வரைந்த படத்தோடு வாயும் தாடையும் அப்படியே ஒத்துப்போகிறதாம். வெண்டெலின் மகள் அங்கேயே நூலகத்தில் வேலை பார்க்கிறாளாம். அவள் பேச மறுத்துவிட்டாளாம்.

"நிறுத்து," என்றாள் நோரீன். "அந்த வாய் நான் பாத்ததில்ல."

"எந்த வாய்?"

"படத்துல இருக்கிற வாய். யோவ் கிழவா, நான் அவன் மூஞ்சியவே சரியாப் பாக்கல."

மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார். இல்லை. கண் தெளிவாக இருந்தது.

"போலீஸ்ல ஒரு புத்தகம் வச்சிருந்தாங்க. ஒரு பக்கம் பூரா மூக்கு. ஒரு பக்கம் பூரா தாடை. ஒரு பக்கம் பூரா வாய். எல்லாத்துக்கும் நம்பர். சந்தைல மீன் பொறுக்குற மாதிரி பொறுக்கச் சொன்னாங்க. நாலு மணி நேரம். அந்தக் குதிகால் செருப்பு வேற. 'ஏழா, ஒன்பதா?'ன்னு அந்த ஆள் கேட்டான். எனக்கு வீட்டுக்குப் போகணும். ஏழுன்னுட்டேன்."

"ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு படம் போட்டாங்களே?"

"அப்ப எனக்கு முதல் படம்தான் ஞாபகம் இருந்துச்சு. அதப் பாத்துத்தான் திருத்தினேன். அவன் மூஞ்சி அதுக்குள்ள எங்கயோ போயிடுச்சு."

"மூணு மணி நேரம் பின்ன என்னத்தத்தான் பாத்த?"

"கைய. பெட்டிக்குள்ள ஒயர் இருந்துச்சில்ல, கை எங்க போகுதுன்னே பாத்துட்டிருந்தேன். பத்து விரலையும் எண்ணுவேன். எண்ணி முடிச்சா மறுபடியும் எண்ணுவேன். காப்பி கேட்டான். கொடுக்கும்போது எனக்கு நடுக்கம், சர்க்கரைப் பொட்டலத்தப் பிரிக்க முடியல. அவனே வாங்கிப் பிரிச்சுப் போட்டுக்கிட்டான். 'பரவால்ல பொண்ணு'ன்னான்."

"இத அவங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னேனே. அந்தப் புத்தகத்துல கைக்குப் பக்கமில்ல."

வெளியே மரலாரி ஒன்று தடதடத்துப் போனது. அது போய் முடிந்ததும், "அந்தப் பொண்ணு நூலகத்துலயா வேலை பாக்குது?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். நோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொல்கிறாள் என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவர் போலத் தலையணையைச் சரி செய்தார். ஐம்பது வருஷமாக ஊர் அவளைத் துணிச்சல்காரி என்கிறது. தேவாலயத்துப் போதகர் அதைத்தான் அவள் அடக்கத்தன்று பேசப் போகிறார். அவள் கைகாட்டிய முகம் பொய் என்று எர்லிங் தன் வாயாலேயே எப்படிச் சொல்வது? நோரீன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆறாம் நாள் போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து பின்னறையில் பரப்பினார்கள். ஒவ்வொருவராகப் பெட்டியருகே நின்று, "அச்சு அசல் நோரீன்! தூங்கற மாதிரி இருக்கா," என்றார்கள். எல்லோருக்கும் தலையாட்டினார் எர்லிங். நடுவில் ஒருமுறை கண்ணை மூடி, அடுப்படியில் நிற்கும் நோரீனை நினைத்துப் பார்த்தார். அவளுடைய பழைய அங்கியைப் போட்டுக்கொண்டு, முட்டை பொரிக்கும் கரண்டியோடு திரும்பியது அந்த வங்கிக்கார அம்மாளின் முகம். காலையிலிருந்து மூன்றே மணி நேரத்தில் நோரீனின் சொந்த முகம் அவர் நினைவிலிருந்தே போய்விட்டது.

மூன்றரைக்கு அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மெர்ல், மாவட்டத்தில் நிலமளந்து ஓய்வு பெற்றவர்; எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். டோனா, இருபத்தாறு வருஷம் பல் சுத்தம் செய்தவர். தாடை என்றால் அவர் சொன்னதுதான் சட்டம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை அனுப்புவார்கள், ஓரத்தில் ஒரு கேள்வியும் இருக்கும். நோரீன் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. மெர்ல் முதல் படக் கட்சி, டோனா இரண்டாம் படக் கட்சி. இரண்டு கட்சியும் கூட்டத்தில் ஒரே மேசையில் உட்காராது. வெண்டெல் க்ராஸ் வந்துதான் அவர்களைச் சேர்த்து வைத்தார் பாவம், செத்த பிறகு.

மெர்ல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு எர்லிங்கின் கையைப் பிடித்தார்.

"அவங்க சொன்ன அடையாளம் வீண் போகல எர்லிங். ஏப்ரல்ல பேரச் சொல்லிடுவோம். அவங்களுக்கு நாங்க செய்யிற மரியாதை அது."

எர்லிங் அவர்கள் இருவரையும் மேலங்கிகள் தொங்கும் சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஏழையும் சொன்னார், ஒன்பதையும் சொன்னார், கையையும் சொன்னார்.

"துக்கத்துல பேசுறீங்க," என்றார் டோனா. "கடைசி நாள்ல மார்ஃபின் என்னத்தத்தான் பேச வைக்காது? எங்க அம்மா என்னையே யாருன்னு கேட்டாங்க."

மெர்ல் ஈர மேலங்கி ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விரலப் பத்தி என்ன சொன்னாங்க? அத இன்னொரு தடவ சொல்லுங்க."

"பத்து விரலையும் எண்ணினேன்னா. திரும்பத் திரும்ப எண்ணினேன்னா."

"டோனா," என்றார் மெர்ல்.

"அது பேசி முடிச்ச விஷயம்!"

"வெண்டெலுக்கு இடது கைல ரெண்டு விரல் கிடையாது," என்று எர்லிங்கிடம் சொன்னார் மெர்ல். "அறுபத்தெட்டுல, பலகை மில்லுல போனது. சாட்சி கையப் பத்தி ஒண்ணும் சொல்லலையேன்னு நாங்க அதத் தள்ளி வச்சிட்டோம்."

"கையுறை போட்டிருந்தா எப்படித் தெரியும்? உள்ள பஞ்சு அடைச்சிருக்கலாம்," என்றார் டோனா. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"கையுறையப் போட்டுக்கிட்டு எவம்மா சர்க்கரைப் பொட்டலம் பிரிப்பான்?" என்றார் எர்லிங்.

டோனா தன் மேலங்கியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் அந்த வாய அளந்திருக்கேன்," என்றார் மெர்ல். "மில்லிமீட்டர் மில்லிமீட்டரா. இத ஏன் அவங்க அப்பவே சொல்லல? யார் குத்தம் சொல்லியிருப்பா?"

"காலைல பிரூயிட் அம்மா என்கிட்ட நோரீன் வாய் எப்படி இருக்கும்னு கேட்டாங்க," என்றார் எர்லிங். "எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல முடியல. அதான்னு சொல்லிட்டேன். இப்ப ஊரே அதான்னு சொல்லுது."

மெர்ல் தொப்பியை விளிம்போடு ஒரு சுற்றுச் சுற்றினார். "வெண்டெலோட பொண்ணு புதன்கிழமை நூலகத்துல இருக்கும்," என்றார் கடைசியில். "நானே போய்ச் சொல்றேன். கதவச் சாத்துனாலும் சாத்தட்டும்."

கூட்டம் கலையும்போது ஐந்தாகிவிட்டது. பின்னறையில் பெண்கள் காப்பிக் கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. மூடியைச் சாத்த வந்த பிரூயிட் அம்மாளை எர்லிங் தடுத்தார்.

"பூசினதெல்லாம் எடுத்துடுங்க."

"எர்லிங், கீழ என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். நோய் தின்ன முகம். நல்லா இருக்காது."

"நான் காலைல பொய் சொல்லிட்டேன். எடுத்துடுங்க."

அவர் ஒரு கணம் எர்லிங்கைப் பார்த்தார். கன்னத்துக்குள் வைத்திருந்ததை எடுத்தார். குப்பியிலிருந்து எதையோ பஞ்சில் நனைத்து நெற்றியையும் கன்னத்தையும் துடைத்தார். வாய்க்கு வந்ததும் பஞ்சை எர்லிங்கிடம் நீட்டினார்.

எர்லிங் மெதுவாகத் துடைத்தார். பஞ்சில் இளஞ்சிவப்பு ஏறியது. இன்னொரு பஞ்சு கேட்டு வாங்கினார். கன்னம் ஒட்டிப்போய், மஞ்சள் பாரித்து, எலும்பு தெரியக் கிடந்தாள் நோரீன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு குனிந்தார். கீழுதடு இடது பக்கம் லேசாக இறங்கியிருந்தது. மேலுதட்டின் நடுவே சின்னதாக ஒரு பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்தில் கடுகளவு தழும்பு. சின்ன வயதில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். அவர் கேட்டதே இல்லை.

பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"லின்னியா," என்று கூப்பிட்டார். பின்னறையிலிருந்து ஈரக் கையோடு வந்தவள், பெட்டிக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"கிட்ட வாம்மா," என்றார் எர்லிங். "வந்து நல்லா பாத்துக்கோ."