பெருகிப்போன அரிசி

நீலகமல் ஹாஜ்ரா எழுதிய புத்தகங்கள் பதினொன்று. பத்தைப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள். பதினொன்றாவதைத் துரைமார்கள் படித்தார்கள். வங்காளத்துக்குப் புதிதாக வரும் வெள்ளைக்கார அதிகாரிகள் பாஷை பழகுவதற்காக அவர் தொகுத்த 'சுத்த வங்காளச் சொற்கோவை' அது. நான்காம் பதிப்பைத் துரைமார் பரீட்சைக்கே பாடமாக வைக்கப்போவதாகக் கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. மனிதர் தலைகால் தெரியாமல் குதித்தார் என்று சொல்ல முடியாது. சந்தோஷம்கூட அவர் இலக்கணப்படிதான் படுவார்.

அந்த வருஷம் பாங்குரா ஜில்லாவை மழை ஏமாற்றிவிட்டது. நட்ட நாற்று ஆவணியிலேயே வைக்கோலானது. சிமுல்பேடா பெண்கள் பள்ளிக்கு நீலகமல்தான் தலைமையாசிரியர். நாற்பத்திரண்டு பெண்களில் தினம் இரண்டு பேராவது வகுப்பில் மயங்கி விழுந்தார்கள். பள்ளியில் கஞ்சித் தொட்டி திறக்கச் சொல்லி அவர் நான்கு விண்ணப்பம் போட்டார். நாலாவதைப் பார்த்துவிட்டு ஜில்லா அதிகாரி மெல்வில் துரையே குதிரையில் வந்து இறங்கினார். துரை நல்ல மனிதர். கஷ்டமே அதுதான். பிறர் சொல்வதை நம்பாமல் எதையும் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

முன்வரிசையில் இருந்த ஒன்பது வயது டேபியைத் துரை எழுப்பினார்.

"சிறுமியே, உன் இல்லத்தில் அரிசி உள்ளதா?"

துரையின் வங்காளம் முழுக்க நீலகமல் புத்தகத்து வங்காளம்.

"பெருகிப்போச்சுங்க, சாயேப்" என்றாள் டேபி.

அடுத்த பெண்ணும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். துரையின் முகம் மலர்ந்தது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அந்த நாட்டுப் பெண்கள் அரிசி தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்வதில்லை. சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கிவிடுவாள். பானை காலியானால் 'பெருகிப்போச்சு' என்பார்கள். கேட்ட புருஷன் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவான். நீலகமலுக்கு இந்த அடுப்படிப் பேச்சில் இளக்காரம். சொற்கோவையில் 'பெருகுதல்: வளர்தல், மிகுதியாதல்' என்று மட்டும் விட்டுவிட்டு, அச்சுப்படியில் இருந்த 'தீர்ந்துபோதல்' என்ற மூன்றாவது அர்த்தத்தைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தவர் அவர். படித்தவர்கள் புரட்டும் புத்தகத்தில் காலிப் பானைக்கு என்ன வேலை என்று அப்போது தோன்றியது.

"துரை, அதுக்கு அர்த்தம் அது இல்லீங்க. அரிசி தீர்ந்துபோச்சுன்னு சொல்றாங்க."

துரை சேணப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவரச் செய்தார். "தங்கள் நூல். நூற்றுப் பதினேழாம் பக்கம். அப்படியொரு பொருள் இங்கு இல்லையே?"

"புத்தகம் தப்புங்க."

நான்காம் பதிப்பு அந்த இடத்திலேயே செத்தது. துரை அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அன்று பொய்யுரைத்தீரா, இன்று பொய்யுரைக்கின்றீரா?" துரை கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. "இல்லை என்று ஒரேயொரு இல்லத்தார் என்னிடம் கூறட்டும். இன்றே ஆணையிடுவேன். கூறாவிடில் அரிசி மூட்டைகள் வேறு ஊருக்குச் செல்லும்."

நீலகமல் டேபியிடம் குனிந்தார். "இல்லைன்னு சொல்லுடி, என் கண்ணு."

"அம்மா தோலை உரிச்சிடுவாங்க, மாஸ்டர்மஷாய்."

டேபியின் வீடு பக்கத்துச் சந்தில்தான். துரையை அடுப்படிக்குள் அழைத்துப்போய்ப் பானையைக் காட்ட வழியில்லை. அவர் கால் வைத்தால் அந்த வீட்டுச் சட்டி பானையெல்லாம் தீட்டாகிக் குப்பைக்குப் போகும். துரை சந்தில் நின்றார். நீலகமல் கதவருகே போனார். டேபியின் தாய் தரங்கிணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நின்றாள்.

"அரிசி இல்லைன்னு துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா. பள்ளிக்கூடத்துல கஞ்சி ஊத்துவாங்க."

"பெருகிப்போச்சுன்னுதான் பொண்ணு சொல்லிட்டாளாமே."

"அவருக்கு அது புரியலம்மா."

"அடுப்பெரியிற எந்த வீட்டுலயும் புரியுமே! அவருக்குப் பாஷை சொல்லிக்குடுத்த புண்ணியவான் யாரு?"

"நான்தான்" என்றார் நீலகமல்.

தரங்கிணி கதவைவிட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"இன்னிக்கு வியாழக்கிழமை, லட்சுமி நாள். என் மாமியார் பட்டினியில படுத்தப்பகூட இந்த வார்த்தைய இந்த வீட்டுல சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரர் ராணிகஞ்ச் சுரங்கத்துக்குப் போய் ஆறு மாசம் ஆச்சு. ஒரு தகவலும் இல்ல. நான் வாயை விட்டு, அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"டேபி நேத்து என்னம்மா சாப்பிட்டா?"

"இலுப்பைப்பூ வேகவெச்சுக் குடுத்தேன்."

"முந்தாநாள்?"

தரங்கிணி தலையைத் திருப்பிக்கொண்டாள். நீலகமலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அச்சுப்படியில் ஒரு வரியை அடிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சந்தில் துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

தரங்கிணி மூலைக்குப் போய் அரிசிப் பானையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையின் காதைப் பொத்துவதுபோல முந்தானையால் பானையின் வாயை இறுக்கிப் பொத்தினாள். பிறகு சந்துவரை கேட்கும்படி சொன்னாள்.

"எங்க வீட்டுல அரிசி இல்ல. ஒரு மணி இல்ல."

துரை தொப்பியைக் கழற்றி, "நன்றி, அம்மையே" என்றார். ஆணையை அங்கேயே நின்றபடி எழுதி நீலகமலிடம் நீட்டிவிட்டுக் குதிரை ஏறினார். நீலகமல் காகிதத்தோடு மறுபடி கதவருகே வந்தார்.

"சனிக்கிழமை தொட்டி திறந்துடும்மா. நீயும் வந்து ஒரு வாய்..."

"டேபி வருவா." பானையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "மாஸ்டர்மஷாய், என் புருஷன் திரும்பி வரலைன்னா, அந்த 'இல்ல'ங்கிற வார்த்தைக்கு அதையும் ஒரு அர்த்தமா உங்க புத்தகத்துல போட்டுக்கோங்க."