பூஜ்யம் காட்டிய தண்ணீர்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியலில் பிடித்த தூறல் விட்டிருந்தது, காற்று இல்லை. நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபது ஆண்டு பணியாற்றியவர், தம் வீட்டு வரவேற்பறைக் கடல்நீர்த் தொட்டியின் முன் முக்காலியில் அமர்ந்து, கடைசி முறையாகத் தண்ணீரைச் சோதித்தார். அழுகிய கழிவைக் காட்டும் நைட்ரேட்: பூஜ்யம். தண்ணீர் பளிங்காக இருந்தது. அதில் மனைவியின் சூரியப் பவளம் செத்துக்கொண்டிருந்தது.

பேரில்தான் சூரியன். மற்றப் பவளங்கள் வெளிச்சத்தைக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். இதற்கு வெளிச்சத்தால் காசுக்குப் பயனில்லை. ஒவ்வொரு வாயாகப் பார்த்து, நீண்ட குழலால் இறால் துணுக்கை ஊட்ட வேண்டும். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வாய்கள். செவிலியான மனைவி ஆறு மாதப் பயிற்சிக்கு வெளியூர் புறப்பட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "தண்ணி கலங்கினா கலங்கட்டும். வயிறு மட்டும் காயக்கூடாதுங்க."

அவருக்கோ கலங்கல் ஆகாது. ஊட்டியதில் மிஞ்சியது அழுகி, இரண்டாம் வாரமே நைட்ரேட் இருபதைத் தொட்டது. உணவைப் பாதியாக்கினார், பிறகு கால், பிறகு வாரத்துக்கு ஒரு வேளை. வாய்கள் மூடிக் கிடந்ததைப் பசியாறிய அடையாளம் என்று எண்ணினார். நைட்ரேட் அளவு இறங்க இறங்க அவருக்கு உச்சி குளிர்ந்தது. எண்களை நாள் தவறாமல் மனைவிக்கு அனுப்பினார். நான்காம் மாதம் அவள் அழைத்தாள்.

"பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே, ஊட்டுறீங்களா இல்லையா?"

"ஊட்டாம இருப்பேனா?"

அந்தப் பதிலை இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.

திங்கட்கிழமை திரும்பிய மனைவி, பெட்டியைக்கூடத் திறக்காமல் தொட்டிக்கு முன் நின்று உயிருள்ள வாய்களை எண்ணினாள். பிறகு, நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் வேலை பார்க்கும் தம்பியை அழைத்தாள். அவ்வளவுதான்; ஏசவில்லை.

அந்தத் தம்பிதான் இப்போது வாளியும் காட்சியகத்தின் ஒப்படைப்புப் படிவமுமாக வந்து குனிந்து பார்த்தான்.

"தண்ணி பிரமாதம் அத்தான். உப்பு மட்டும் இல்லேன்னா குடிச்சிடலாம்."

"வாயை மூடுடா," என்றாள் அவள்.

"நான் மூடிக்கிறேன்க்கா. இதுங்களைத் திறக்கச் சொல்லு."

அவள் குழலை எடுத்து, இறால் ஊறிய நீரைப் பவளத்தின் மேல் மெல்லப் பீய்ச்சினாள். மூவரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் பதினோரு வாய்கள் ஆரஞ்சு நிறத்தில் விரிந்தன. மற்றவை வெறும் எலும்பு.

"இனிமே நானே ஊட்டுறேம்மா," என்றார் அவர்.

"போன்லயும் அதைத்தானே சொன்னீங்க."

தொட்டி அவர் பெயரில் பதிவாகியிருந்தது. பவளத்தைக் காட்சியகத்திடம் ஒப்படைப்பதா இல்லையா என்பதை அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்' என்ற வரியில் குறியிட்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. 'நலிவுக்குக் காரணம்.'

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "நோய்னு போடுங்க அத்தான். யாரு வந்து கேக்கப்போறா?"

அவர் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'நோய் இல்லை. தண்ணீரைக் காக்க உணவைக் குறைத்தேன். மனைவி கேட்டபோது, ஊட்டுவதாகப் பொய் சொன்னேன்.' கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் குறித்தார்.

மைத்துனன் கை நீட்டினான். அவர் படிவத்தை மனைவியிடம் கொடுத்தார்.