சாமிக்கு முடி மட்டுந்தான்

கயத்தாறு விலக்கில் இருந்து கரிசல் பாதைக்குள் ஆட்டோவைத் திருப்பியதும் சுடலைராஜ் வேகத்தைக் குறைத்தான். "அக்கா, இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப் போகல. சொல்லு, வண்டியத் திருப்பிருதேன்" என்றான். முத்துச்செல்வி தன் மடியில் தூங்கிக்கிடந்த மகனின் பின்னலைச் சரிசெய்துகொண்டே, "நேரா விடுலே" என்றாள். தம்பிக்காரன் வேகத்தைக் கூட்டினான். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யார்?

பூவனநாதனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பிறந்த முடி இன்னும் தலையில்தான் இருக்கிறது. முதல் முடி தகப்பனின் குலசாமியான சாஸ்தாவுக்கு என்பது வழக்கம். தகப்பனும் தாயும் கோர்ட்டுக்கு நடந்த நடையில் சாஸ்தாவை யார் நினைத்தார்கள்? விவாகரத்து முடிந்து, பிள்ளை அவளிடம் என்று தீர்ப்பாகி, அவள் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராகி நிமிர்ந்த பிறகும் முடி இறங்காததற்குக் காரணம் வேறு. அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பயல் மாடிப்படியில் உருண்டு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு முடிக்குள் இருக்கிறது. இப்போது தகப்பன் சண்முகராஜ் பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மறுபடியும் மனுப் போட்டிருக்கிறான். கோர்ட் லீவு முடிந்ததும் விசாரணை. தாய்க்காரி வேலைக்குப் போய்விடுகிறாள், பிள்ளையைப் பார்க்க நாதியில்லை என்பதுதான் அந்த மனுவே. "கேஸ் முடியுற வரைக்கும் அந்தத் தழும்ப அவிய கண்ணுல காட்டிராதீங்கம்மா" என்று வக்கீல் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்.

காட்டாமல்தான் இருந்தாள். ஆனால் போன வாரம் தெருப் பயல்கள் பூவனநாதனைப் பிடித்து ரிப்பன் கட்டி, பொட்டு வைத்து, "பூவாத்தா, பூவாத்தா" என்று தெருவைச் சுற்றவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தவன் கத்தரிக்கோலை எடுத்துத் தன் பின்னலைத் தானே அறுக்கப் போனான். அதைப் பிடுங்கிய நிமிஷமே அவளுக்குக் கேஸ் பயமெல்லாம் விட்டுப்போயிற்று. சீ, கேசுக்காகப் பெற்ற பிள்ளையைச் சீரழிப்பதா? பள்ளிக்கூடம் திறக்குமுன் முடி இறங்கியாக வேண்டும். ஒளித்து வைத்துத்தான் ஜெயிக்க வேண்டுமென்றால் அது என்ன ஜெயிப்பு? மறுநாளே சண்முகராஜுக்கு ஆள்விட்டுச் சொல்லிவிட்டாள்.

கோயிலில் சண்முகராஜ் உடைமரத்தடியில் நின்றிருந்தான். அவன் அக்காள் வெயிலுகந்தம்மாள் பொங்கல் பானைக்கு முன்னால் குந்தி ஓலையை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வியைக் கண்டதும், "வாட்டி. வந்ததுதான் வந்த, பிள்ளைய இங்கனயே விட்டுட்டுப் போ. எங்க குலத்துப் பிள்ளை" என்றாள்.

"சாமிக்கு முடியத்தான் குடுக்க வந்திருக்கேன் மதினி. பிள்ளைய இல்ல."

வெயிலுகந்தம்மாள் முகத்தை வெடுக்கென்று அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சுடலைராஜ் சப்பணம் போட்டு உட்கார்ந்து மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். முடி எடுப்பவர் தண்ணீரைத் தெளித்துக் கத்தியை வைத்ததுதான் தாமதம், பயல் காலை உதைத்துக் கூப்பாடு போட்டான். சண்முகராஜ் ஓடிவந்து மண்டியிட்டு இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டான். "அசையாதலே, அப்பா இருக்கேம்லா" என்றான். உச்சி வெளுத்தது, பிடரி வெளுத்தது. முத்துச்செல்வி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வலது காதுக்கு மேலே கத்தி வந்ததும் முடி எடுப்பவரின் கை ஒரு கணம் நின்றது. விரல் நீளத்துக்கு, வழவழவென்று, தழும்பு வெளியே வந்தது.

சண்முகராஜ் அதைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"மாடிப்படியில விழுந்துட்டான். தையல் போட்டாங்க. நான் ஆபீசுல இருந்தேன்."

"எப்ப?"

"போன தையில."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

என்ன செய்திருப்பான் என்று அவனுக்குத் தெரியாதா? மகனின் பாதத்தைப் பிடித்திருந்த கையால் அந்தத் தழும்பை, இன்னும் வலிக்கும் என்பதுபோல, மெதுவாகத் தடவிப் பார்த்தான்.

"முடிஞ்சிருச்சாலே? எங்க, அத்தைக்கு மொட்டையக் காட்டு" என்று எட்டத்தில் அடுப்படியில் இருந்த வெயிலுகந்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வரட்டும், பார்க்கட்டும், கோர்ட்டில் போய்ச் சொல்லட்டும் என்று முத்துச்செல்வி நிமிர்ந்து நின்றாள். எது வந்தாலும் பிள்ளையை விட்டுக்கொடுப்பவள் இல்லை அவள்.

சண்முகராஜ் சட்டென்று சந்தனக் கிண்ணத்தை இழுத்து ஒரு கை நிறைய அள்ளினான். உச்சியில் தொடங்கித்தான் பூசுவார்கள். அவனோ பிள்ளையின் வலது காதுக்கு மேலே கொண்டுபோய் அப்பினான். "குளுருதுப்பா" என்று பூவனநாதன் நெளிந்து சிரித்தான். அக்காள் பக்கத்தில் வந்து நிற்க, அவன் நிமிராமல் மறுபடியும் அள்ளினான், அதே இடத்தில் மறுபடியும் அப்பினான். மிச்ச மண்டையெல்லாம் வெறுமையாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.