பதினொரு தடவை திறந்த மூடி

1

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நிகழ்வொன்று இன்று விடியற்காலை நான்கு மணிக்கு என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தேறியது. அடுத்தவர் செய்வதைக் கேலி செய்தே முப்பது வருடம் காலம் தள்ளிய ஓர் எழுத்தாளன், முதன்முறையாகத் தானே ஒரு காரியம் செய்தான். நான்கு கிலோ மாட்டு நெஞ்சுக்கறியில் உப்பும் மிளகும் தடவி, புகையடுப்பில் வைத்து மூடினான். பூமாரி பொழியவில்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனையிலிருந்து வரவில்லை. என் தங்கையின் வண்டியில் வந்தது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பெல்லட் ஸ்மோக்கர் என்கிற அந்தக் கறுப்பு இரும்புப் பீப்பாயை ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினாள்.

“என்னடி இது?”

“தெரியலையா? ரெண்டு பக்கத்துக்கு எழுதுனியே. அவர் இதைப் பழைய இரும்புக்குப் போடப் போனார். நீதானே இதை வச்சு நல்லா சிரிச்சே, நீயே வச்சுக்கோ.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். எதையும் அடிக்கவில்லை, குப்பையும் வீட்டுக்குள் இருப்பதுதானே.

முதல் முயற்சி: “நெருப்பு மனிதனின் ஆதித் தோழன்...” (நிறுத்தினேன். இந்த நெருப்பை மூட்டியது ஒரு பொத்தான்.)

இரண்டாம் முயற்சி: “என் மாப்பிள்ளை ஒரு மகா பொறுமைசாலி. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே...”

இதையும் நிறுத்தினேன். இது தந்திரமான வாக்கியம். ஒருவரைப் பொறுமைசாலி என்று எழுதிவிட்டால் அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை மிச்சம். அவர் மன்னித்திருப்பார் என்று நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். குறைவாகப் பேசுவார். பொறுமைசாலியா என்பது எனக்குத் தெரியாது. நான் அவரைப் பேசவிட்டதில்லை.

3

இந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தூளை இறுக்கி, உடைந்த பென்சில் துண்டுகள்போல் செய்து விற்கிறார்கள். அதுதான் பெல்லட். பக்கத்துப் பெட்டியில் கொட்டினால் ஒரு திருகு சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். சிறு விசிறி ஊதும். சூட்டை நூற்றிருபது பாகையில் வைத்தால் அங்கேயே நிற்கும். கறிக்குள் குத்திவைத்த கம்பி, உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்பதைச் சின்னத் திரையில் காட்டும். மனிதன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருப்பது.

அது எவ்வளவு கஷ்டம் என்பது இப்போதுதான் தெரிகிறது. காலை ஒன்பதரை. திரையில் எழுபது. ஒன்பது மணிக்கும் எழுபதுதான். எட்டரைக்கும் எழுபதுதான்.*

* நெஞ்சுக்கறி இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். உள்ளிருக்கும் நீர் வியர்வைபோல் வெளியேறி, ஏறுகிற சூட்டையெல்லாம் ஆற்றிவிடும். இரண்டு மணி நேரம் அசையாது. பிறகு தானாக ஏறும். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கதை.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“வெந்துடுச்சா? ஒரு தடவை திறந்து பாருங்களேன்.”

“திறக்கக் கூடாது!”

“ஓ,” என்றாள். “இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்.”

உள்ளே போய்விட்டாள். முப்பது வருடமாக அங்கதம் எழுதுகிறவன் நான். வீட்டில் அதைப் பேசுகிறவள் அவள்.

4

போன வருடம் மாப்பிள்ளை எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். இருபது வருடத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் தரப்புச் சொந்தம், எங்கள் தரப்புச் சொந்தம், மொத்தம் பதினாறு பேர். ஒரு மணிக்குச் சாப்பாடு. பத்து மணிக்கே போய்விட்டோம். போனதும் அவருடைய அடுப்பைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் எழுபது.

“என்ன மாப்பிள்ளை, கறி வேகுதா, இல்ல தியானத்துல இருக்கா?”

“ஆயிடும் மச்சான். இந்த எடத்துல கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் தானா ஏறும்.”

“உங்க லிஃப்ட் மாதிரியா? ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுக்கிட்டு?”

பதினைந்து பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒருத்தன் பதினைந்து பேரைச் சிரிக்கவைத்துவிட்டால் அப்புறம் அவனை நிறுத்த முடியாது. எழுந்துபோய் மூடியைத் திறந்தேன். “ஐயா உள்ளதான் இருக்கார், சுகமா இருக்கார்” என்று அறிவித்தேன். மறுபடி சிரிப்பு.

“மூடியை மட்டும் திறக்காதீங்க மச்சான்,” என்றார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னேன்: “ஏன், பார்த்தா வெட்கப்படுமா?”

அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் திறந்தேன், வர்ணனை சொன்னேன், மூடினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குத் திரையில் எழுபத்துநான்கு. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். நாங்கள் ஆக்கவே பொறுக்காத கூட்டம். இரண்டு மணிக்குக் கடைக்குப் போன் செய்து பதினாறு பேருக்குச் சாப்பாடு வரவழைத்தவன் நான்தான். “மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க, எல்லாரும் பசியில இருக்காங்க” என்றேன். “இல்லீங்க மச்சான், சரிதான்” என்று அவரே தட்டுகளை எடுத்துவந்து வைத்தார்.

நாலரைக்குக் கறி தயாரானது. யாருக்கும் வயிற்றில் இடமில்லை. சிலர் கிளம்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். மீதியை அவர் அலுமினியத் தாளில் பொட்டலம் பொட்டலமாகச் சுற்றினார். என் தங்கை பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள்.

5

பிறகு நான் எழுதினேன். “புகைச் சக்கரவர்த்தி” என்று தலைப்பு; பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்கு வந்தது. பலரும் பாராட்டினார்கள்.

அதில் ஒரு வரி: “பன்னிரண்டு மணி நேரம் பாடுபட்டு மன்னர் எங்களுக்குப் பரிமாறியது, நன்கு பதப்படுத்திய செருப்பு.”

அந்த வரியைப் பற்றி ஒரு விஷயம். அன்று நானும் ஒரு துண்டு எடுத்தேன். ஓரம் கறுத்து, உள்ளே விரலால் பிய்க்க வருகிற மாதிரி இருந்தது. புகை வாசனை, மிளகு, உருகிய கொழுப்பு. வாழ்க்கையில் நான் தின்ற கறிகளில்... (சொல்லிவிடலாம்) அதைப்போல ஒன்று தின்றதில்லை. ஆனால் செருப்பு உவமை காலையிலேயே மனசில் தயாராகிவிட்டது. கறி ஒத்துழைக்கவில்லை என்பதற்காக ஒரு நல்ல உவமையை விட முடியுமா? விடவில்லை.

அவருடைய வேலையிடத்தில் யாரோ அதை வெட்டிக் கருவிகள் வைக்கும் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவர் பெயர் சக்கரவர்த்தி. “சக்கரவர்த்தி, மூணாவது மாடிக்குப் போங்க.” “சக்கரவர்த்தி, ஸ்பேனர் எடுங்க.” இதையெல்லாம் தங்கைதான் சொன்னாள். அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் மூன்று தடவை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். மூன்று தடவையும் வேலை இருந்தது அவருக்கு. அடுப்பைப் பற்றவைப்பதையும் நிறுத்திவிட்டார்.

(இந்த இடத்தில் என்னைத் தற்காத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். எழுத்தின் சுதந்திரம் பற்றி. படித்துப் பார்த்த மனைவி, “நல்லா இருக்கு, செருப்பு மாதிரி” என்றாள். எடுத்துவிட்டேன்.)

6

பத்தரை. எழுபத்தொன்று. ஆஹா.

போன வாரம் கறிக்கடைக்குப் போனேன்.

“நெஞ்சுக்கறியா? யாரு செய்யப்போறது?” என்றார் கடைக்காரர்.

“நான்தான்.”

கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “உங்க மாப்பிள்ளை முன்னெல்லாம் வருவாரே. கொழுப்பை எவ்வளவு கனத்துக்கு விடணும்னு விரலை வச்சுக் காட்டுவார். அவரைக் கேட்டுட்டு செய்யுங்க சார். நல்ல கறி, வீணாப்போயிடும்.”

கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்தேன். அப்போதுதான் கீழ்த்தட்டில், பெல்லட் மூட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டுக் கிடைத்தது. லிஃப்ட் வேலைக்காரர்கள் எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் நேரம் போட்டு எழுதிவைப்பார்களாம். அந்தப் பழக்கம். பதினான்கு சமையல்கள் இருந்தன.

“கோழி, முழுசு, ஒன்றே முக்கால் கிலோ. கறி சரி. தோல் ரப்பர். அடுத்த முறை: கடைசி அரை மணி சூட்டை ஏற்ற வேண்டும்.”

“கோழி. கடைசியில் ஏற்றினேன். தோல் மொறுமொறு. அவள் இரண்டு தொடையும் சாப்பிட்டாள். அடுத்த முறை: இப்படியே.”

“நெஞ்சுக்கறி, நான்கு கிலோ. எழுபதில் இரண்டு மணி நேரம் நின்றது. பயந்துவிட்டேன். பயப்பட வேண்டாம். அடுத்த முறை: மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தால் கால் மணி நேரம் போகும்.”

கடைசிப் பக்கம் அந்த நாள்.

“4.00 வைத்தேன். 10.10 மூடி திறப்பு (மச்சான்). 10.25 மூடி திறப்பு (மச்சான்). 10.50 மூடி திறப்பு (மச்சான்)...”

எண்ணினேன். பதினொன்று. பதினொரு கால் மணி, இரண்டே முக்கால் மணி நேரம். நான் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டு மணிக்கு முன்னாலேயே கறி தட்டில் இருந்திருக்கும். நான் கடைக்குப் போன் செய்திருக்க வேண்டியதில்லை. சமைக்கத் தெரியாத மனிதர் என்று யாரைப் பற்றி எழுதினேனோ, அவர் கையில் முழு ஆதாரமும் இருந்தது. நேரத்தோடு, ஆளோடு. ஒருவரிடமும் காட்டவில்லை. தங்கையிடம்கூட. காட்டியிருந்தால் அவள் அதாலேயே என் தலையில் அடித்திருப்பாள்.

பக்கத்தின் அடியில்: “4.30 தயார். சுவை நன்று. யாருக்கும் பசியில்லை.”

அதற்குக் கீழே “அடுத்த முறை:” என்று எழுதி, ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

7

சற்று முன் தங்கைக்குப் போன் போட்டேன்.

“மாப்பிள்ளை இருக்காரா?”

“இருக்கார். பொத்தான் தைச்சுக்கிட்டிருக்கார். குடுக்கவா?”

“வேணாம், வேணாம். இன்னைக்கு மதியம் ரெண்டு பேரும் சாப்பிட வரீங்களான்னு... நீ சொல்லேன் அவர்கிட்ட.”

“நான் ஏன் சொல்லணும்?”

“நீ சொன்னா கேப்பார்.”

“அண்ணா, ஊருக்கே கேக்குற மாதிரி கிண்டல் பண்ணத் தெரிஞ்சுது உனக்கு. ஒரே ஒரு ஆளுக்குக் கேக்குற மாதிரி ஒரு வார்த்தை பேச வராதா? நான் ஒண்ணும் தபால்காரி இல்ல. அவர் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?” வைத்துவிட்டாள்.

8

பன்னிரண்டரை. தொண்ணூற்றைந்து. ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. கறியை எடுத்துத் தாளில் சுற்றித் துண்டு போர்த்தி வைத்திருக்கிறேன். அரை மணி ஓய்வெடுக்க வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது.

“எத்தனை தட்டு வைக்கட்டும்?” என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

“நாலு.”

தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்கிறது. முடிவுகளை எழுதிவிடுகிறேன்.

முடிவு ஒன்று: அவர் வருகிறார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடுகிறார். “மச்சான்...” என்கிறார். இருவரும் தழுவிக்கொள்கிறோம். (இதை வேறு எவனாவது எழுதியிருந்தால் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.)

முடிவு இரண்டு: அவர் வருகிறார். சாப்பிட்டுவிட்டு, “கொழுப்பை இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்” என்கிறார். நான் நோட்டை எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “நேரமாச்சு” என்று எழுந்துகொள்கிறார். தங்கை என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டுகிறாள். இதுதான் நடக்கக்கூடியது. எனக்கு இது போதும்.

முடிவு மூன்று: அவர் வரவில்லை. ஒன்றரைக்கு, இரண்டுக்கு, நானும் மனைவியும் நான்கு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இத்தனை கறியை என்ன செய்வது என்று...

வேண்டாம். வாசகரே, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முடிவு எழுத உரிமை இல்லை; போன தடவை முடிவை நான்தான் எழுதினேன், அதன் லட்சணத்தைப் பார்த்தீர்கள். நீங்கள் எதைத் தேர்ந்தாலும் எனக்குச் சம்மதம். ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருக்கிறது.

நான் அவரை இன்னும் கூப்பிடவில்லை.