பதினாறு மீட்டரில் இருந்த கப்பல்

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரைக் கடலுக்கடியில் கப்பல் பார்க்கக் கூட்டிப் போக வேண்டும். ஐந்து பேரும் போன மாதம்தான் ஸ்கூபா சான்றிதழ் வாங்கியவர்கள். மூழ்கிய கப்பலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். அதற்கான திட்டத்தை அவள் வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுதி முடித்திருந்தாள். பதினோரு வருடமாக ஸ்கூபா பயிற்சி கொடுக்கும் இதே வேலை. கை தானாக எழுதியது. கப்பலின் மேல்தளம் பதினோரு மீட்டர் ஆழத்தில், அடிமணல் பதினாறில். புதியவர்களுக்கு எல்லை பதினெட்டு. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்குவது, இடப்பக்கமாக ஒரு சுற்று. கப்பலுக்குள் யாரும் நுழையக் கூடாது. டேங்கில் பாதிக் காற்று இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே.

இதில் ஒரே ஒரு குறை. இரண்டு மாதம் முன்னால் அடித்த புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று அன்றைக்கே அண்ணனின் படகில் கிளம்பினாள். கூட வந்தவன் மொட்டை. அவளைப் போலவே பயிற்சி கொடுப்பவன், பேருக்கேற்ற தலை. அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே காது ஜவ்வு கிழிந்துவிட்டது. இருபது வருடமாகப் படகு ஓட்டுகிறான், ஒரு முறைகூடக் கீழே போனதில்லை.

ஜிபிஎஸ் காட்டிய புள்ளியில் நங்கூரம் போட்டார்கள். ஆழம் காட்டும் மெஷின் பதினாறு என்றது. அதன் திரையில் கடல்தரை பாய் விரித்தது போல் தட்டையாக இருந்தது.

"கப்பல் எங்கண்ணே?"

"கீழதான்."

"கீழ ஒண்ணுமே காட்டலையே."

அண்ணன் மெஷினின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்போதும் பதினாறு. நங்கூரத்தை முக்கி முனகி இழுத்துப் போட்டுவிட்டு, படகை ஆழமான பக்கம் மெல்ல விட்டான். அறுபது மீட்டர் தள்ளி, சரிவுக்குக் கீழே, திரையில் பெரிய மேடு ஒன்று எழும்பியது. மேட்டின் உச்சி இருபத்தொன்று, அடி இருபத்தொன்பது.

அவளும் மொட்டையும் இறங்கினார்கள். கீழே கப்பல் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த கப்பல் நிமிர்ந்து நின்றது. இது வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. அதன் மூக்கு கரையைப் பார்த்திருக்கும். இதன் மூக்கு நடுக்கடலைப் பார்த்தது. அவள் திசைகாட்டியை உதறிப் பார்த்தாள். தன் தலையையும் ஒருமுறை உதறிக்கொண்டாள். இதுதானா என்று மொட்டையிடம் சைகையில் கேட்டாள். அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

வேறு கப்பல் என்றே முடிவுகட்டித் திரும்பப் போனபோது சமையலறை ஜன்னல் கண்ணில் பட்டது. உள்ளே பீங்கான் தொட்டி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் குழாயில் ஒரு பச்சைப் பல்துலக்கி, பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. மாணவர்கள் சிரிக்கட்டும் என்று ஆறு வருடம் முன்னால் அவளே கட்டியது.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினாள். "அதே கப்பல்தாண்ணே. உருண்டு போயிருக்கு."

"அவ்வளவு பெரிய இரும்பு எப்படி உருளும்? நீ வேற எதையாவது பாத்திருப்ப."

"பல்துலக்கியப் பாத்தேன்."

"என்னது?"

அவள் விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது உளறலாகத் தெரிந்தது.

கரையில் பயிற்சி நடத்தும் கடைக்குத் திரும்பினார்கள். காயப் போட்ட ரப்பர் உடைகளின் வாடை அடிக்கும் பின்னறையில் உட்கார்ந்து, பதினாறை அடித்து இருபத்தொன்பது என்று எழுதினாள். எழுதியதுமே திட்டம் செத்துவிட்டது. அந்த ஆழத்துக்குப் புதியவர்களைக் கூட்டிப் போக முடியாது. இடத்தை மாற்றினால் வெறும் பாறையும் மீனும்தான்; கப்பல் என்று சொல்லி ஒரு மாதமாக ஆசை காட்டியாயிற்று. "ரத்து பண்ணிடு," என்றான் மொட்டை. கொஞ்ச நேரம் கழித்து, "பண்ணாம இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்," என்றான்.

அண்ணன் சும்மா இருக்காமல் மேசையில் கிடந்த மாணவர்களின் ஐந்து படிவங்களைப் புரட்டினான். அவள் அவற்றை வாங்கப் பார்த்தாள்; அவன் கொடுக்கவில்லை.

"பாரேன், உங்கண்ணி பேர்லயே ஒருத்தங்க இருக்காங்க," என்று சிரித்தான். விரல் கீழே இறங்கி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் நின்றது. உதட்டை அசைத்துப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"இது என் நம்பர்."

அவன் படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"என் நம்பர் எதுக்கு இங்க இருக்கு?"

"அண்ணிதாண்ணே அது."

"எந்த அண்ணி?"

அவளுக்கு இருப்பதே ஒரு அண்ணிதான். படகைப் பழுது பார்க்க ஏற்றிவிட்டு அண்ணன் மூன்று வாரம் வெளியூரில் கிடந்தபோது, அண்ணி நீச்சல் குளத்திலும் கரையோரக் கடலிலும் பயிற்சி எடுத்தாள். வீட்டில் சொன்னது தையல் வகுப்பு; ஞாயிற்றுக்கிழமை படகேறும்போது தெரிந்தால் போதும் என்பது அண்ணியின் கணக்கு. அண்ணன் போன் போட்ட கால் மணி நேரத்தில் அண்ணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"தையல்னு சொன்னியே?"

"ஆமா, சொன்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்பீங்க. வேணாம்னு சொன்னப்புறம் செஞ்சா சண்டை. சொல்லாம செஞ்சா வெறும் கோபம்தான்."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபப்படுவதா, சிரிப்பதா என்று முகம் தத்தளித்தது. "எனக்கு ஒண்ணுமே புரியல. கப்பல் இருந்த எடத்துல இல்ல. வீட்ல இருக்கான்னு நெனச்ச பொண்டாட்டி கடலுக்கடியில இருக்கா. நான்தான் ஏதோ..."

சட்டென்று நிறுத்தித் தங்கையைப் பார்த்தான். "காலைல மொதல் எடத்துல நங்கூரத்த இழுத்தப்ப சிக்குச்சே. வெறும் மணல்ல எப்படிச் சிக்கும்?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. தையல் வகுப்புச் சண்டை அப்படியே நின்றது. திரும்பத் தொடங்கவுமில்லை.

சனிக்கிழமை அவளும் மொட்டையும் பழைய இடத்திலேயே இறங்கினார்கள். மணலில் அகலமாக ஒரு பள்ளம் கிடந்தது. சரிவு வரைக்கும் போய் இருட்டில் மறைந்தது. பள்ளத்தின் தொடக்கத்தில், நங்கூரப் புள்ளிக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி, மாலுமி நின்று கப்பல் ஓட்டும் அறை மட்டும் தனியாகப் பிய்ந்து நிமிர்ந்து நின்றது. கூரை இல்லை, ஒரு சுவரும் இல்லை. பதினாறே மீட்டர். அத்தனை பெரிய உடம்பைப் புரட்டிக்கொண்டு போன புயல் இந்த அறையை ஏன் விட்டுவைத்தது? சுற்றிச் சுற்றி வந்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை புதுத் தாளில் திட்டம் எழுதினாள். அறையைச் சுற்றி வருவது, பள்ளத்தின் ஓரமாகச் சரிவின் விளிம்பு வரை போவது. அதைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கடல் சமர்த்தாக இருந்தது. அண்ணன் தன் மனைவியின் டேங்க் வார்களை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். மொட்டை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று சொன்ன பிறகு இன்னொரு முறையும் இழுத்தான்.

ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்து ஒழுங்காக இறங்கினார்கள். கீழே போனதும் ஒழுங்கு கலைந்தது. ஒருவர் அறையைக் காட்டி இதுதான் கப்பலா என்று சைகை செய்தார். இன்னொருவர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கைகளால் கப்பல் உருண்டதை நடித்துக் காட்டினாள். அவளுக்குத்தான் வயிற்று வலியோ என்று மூன்று பேருக்குச் சந்தேகம் வந்து, ஏதாவது பிரச்சினையா என்று சைகையில் கேட்டார்கள். அண்ணி மட்டும் எதுவும் கேட்கவில்லை. சரிவின் விளிம்பில் மணலுக்கு ஒரு சாண் மேலே அசையாமல் மிதந்து, கீழே நீலம் கறுப்பாகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நிதானமாக இருந்தது. அவள் அண்ணியின் காற்று மீட்டரை எட்டிப் பார்த்தாள். மற்ற எல்லோரையும்விட அண்ணியிடம்தான் காற்று மிச்சம். தோளைத் தொட்டுத் திரும்பலாம் என்று காட்டியபோது அண்ணி வர மனமில்லாமல் வந்தாள்.

முப்பது நிமிடத்தில் ஐந்து பேரும் மேலே வந்துவிட்டார்கள். அண்ணன் குனிந்து கை கொடுத்து மனைவியை ஏற்றினான்.

"கப்பல் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் இவ்வளவு நேரம் என்னத்தப் பாத்த?"

"கப்பல் போன தடத்தப் பாத்தேன்."

"தடத்துல பாக்க என்ன இருக்கு?"

அண்ணி யோசித்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "தெரியலங்க. ஆனா இன்னொரு தடவ பாக்கணும்."

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் நங்கூரத்தை இழுக்கப் போனாள். அவன் எஞ்சினைக் கிளப்பினான். மனைவியைத் தன் பக்கத்துப் பலகையில் உட்காரச் சொல்லி, கரை வரும் வரை கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தான். எஞ்சின் சத்தத்தில் பாதி பதில் அவன் காதில் விழவில்லை.

"ஒரு ரூம் இருந்துச்சுங்க!"

"என்ன?"

"ரூம்!"

"கடலுக்குள்ள யாரு ரூம் போட்டது?" என்று அவன் கத்தினான்.